குறும்படத்துக்குப் பணம்: கடைசியிலிருந்து கணக்குப் போடுங்கள்

ஷூட்டிங்குக்குப் பணமில்லாமல் நின்றுபோகும் குறும்படங்களைவிட, ஷூட்டிங் முடிந்தபின் நின்றுபோகும் குறும்படங்களே அதிகம். எடுத்த காட்சிகள் (ரஷ்ஸ்) ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும். எடிட்டிங்கும் ஒருவழியாக முடிந்திருக்கும். சவுண்டுக்கும் நிறச் சீரமைப்பான டி.ஐ.க்கும் கொடுக்கக் கையில் காசு இருக்காது. ஷூட்டிங் தேதி நெருங்கும்போது வண்டிக்காரர், லைட் யூனிட், சாப்பாட்டுக்காரர் என்று எல்லாரும் நேரில் வந்து கேட்கிறார்கள், கொடுத்துவிடுகிறோம். மிக்ஸிங் ஸ்டூடியோ அன்றைக்கு வந்து கேட்பதில்லை. அதனால் அதன் பங்கும் சேர்ந்தே கரைந்துபோகிறது.

ஆகவே பட்ஜெட்டை முதல் நாள் ஷூட்டிங்கிலிருந்து எழுதாதீர்கள். படம் முடிந்து, சப்டைட்டிலோடு, திரையிடும் வடிவத்தில் ஒரு விழாவின் கையில் சேரும் நாளிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். அந்த நாளுக்கு வேண்டியதை முதலில் ஒதுக்குங்கள். மிச்சம் இருப்பதுதான் ஷூட்டிங் பணம். அதற்குள் அடங்காத ஸ்கிரிப்டைச் சுருக்குவது எழுத்து மேசையில் செலவில்லாத வேலை.

ஸ்கிரிப்டில் இருக்கும் செலவு

முறையான ஸ்கிரிப்ட் வடிவத்தில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடப் படம். ஷெட்யூல் போடும்போது பக்கத்தை எட்டாகப் பிரித்து, இந்தக் காட்சி எட்டில் மூன்று, அது ஒன்றேகால் பக்கம் என்று குறிப்பார்கள். சிறிய யூனிட் ஒரு நாளில் நான்கு பக்கம் எடுக்கும் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் ஏமாற மாட்டீர்கள். 12 பக்க ஸ்கிரிப்ட் என்றால் 3 நாள்.

அடுத்து ஆட்களை எண்ணுங்கள். 14 டெக்னீஷியன்கள், 4 நடிகர்கள் என்றால் 18 பேர். 3 நாளுக்கு 54 ஆள்-நாள். குறும்பட பட்ஜெட்டில் மிக முக்கியமான எண் இதுதான். சம்பளம், பேட்டா, சாப்பாடு, பயணம், தங்கும் இடம் எல்லாம் இதைப் பிடித்துக்கொண்டே ஏறும், இறங்கும். நான்காவது நாள் ஒன்று சேர்ந்தால் 54 என்பது 72 ஆகிவிடும். கருவி வாடகையும் ஒரு நாள் கூடும். விலை உயர்ந்த கேமராவை விட்டுவிட்டு எளிய கேமரா எடுப்பதைவிட ஒரு நாளைக் குறைப்பதில்தான் பெரிய மிச்சம்.

ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம்: ‘இரவு. மழை. அவள் வாசலில் நனைந்தபடி நிற்கிறாள்.’ எழுத அரை நிமிடம். எடுக்க என்ன வேண்டும்? தண்ணீர் லாரி, பம்ப், குழாய், மழை விழும் பரப்பை ஈடுகட்டும் ஸ்டாண்டுகள். பின்னாலிருந்து வெளிச்சம் அடித்தால்தான் மழை கேமராவில் தெரியும் என்பதால், உயரமான இடத்தில் ஒரு பெரிய லைட். ஈரத்தில் மின்சாரம் என்பதால் கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியும், அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த எலெக்ட்ரீஷியனும். நடிகைக்கு ஒரே உடையில் குறைந்தது மூன்று செட், ஏனென்றால் ஒவ்வொரு டேக்குக்கும் காய்ந்த உடையில் வந்தால்தான் கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் பொருத்தம்) நிற்கும். டேக்குக்கு டேக் தலைமுடி காயவைக்க இருபது நிமிடம். மழைச் சத்தத்தில் வசனம் உருப்படாது என்பதால் பின்னால் அரை நாள் டப்பிங். எட்டில் இரண்டு பக்கக் காட்சி ஒரு முழு இரவைத் தின்றுவிடும். அவள் நனைந்து முடிந்து, கதவுக்கு உள்ளே தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது காட்சியைத் தொடங்கினால் ஒரு வாளித் தண்ணீரும் மழைச் சத்தமும் போதும். கதைக்கு மழை உயிர்நாடி என்றால் எடுங்கள். அலங்காரம் என்றால் விட்டுவிடுங்கள்.

லொகேஷன் மாற்றமும் இப்படித்தான். கட்டுவது, ஏற்றுவது, போவது, இறக்குவது, திரும்ப லைட் போடுவது என்று பக்கத்துத் தெருவுக்கே ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். 12 மணி நேர நாளில் சாப்பாட்டு இடைவேளையும் முதல் செட்டப்பும் போக உண்மையில் கேமரா ஓடக்கூடிய நேரம் ஒன்பது, பத்து மணிதான். ஒரு இடமாற்றம் அதில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரே வீட்டின் சமையலறை, மாடி, பின்வாசல் மூன்றையும் மூன்று வெவ்வேறு இடங்களாகக் காட்ட முடியுமா என்று கேமராமேனோடும் ஆர்ட் டைரக்டரோடும் உட்கார்ந்து பேசுங்கள்.

நூறு பங்கு

மொத்தத்தை நூறு பங்காக வைத்துக்கொள்ளுங்கள். தொகை எவ்வளவானாலும் கீழே உள்ள பிரிப்பு தொடங்குவதற்கு உதவும். கதைக்கேற்ப மாறலாம்.

விழாக் கட்டணம், போஸ்டர், டிரெய்லர், பிரதிகள்: 10
எடிட்டிங், சவுண்ட், இசை, டி.ஐ., சப்டைட்டில், டிசிபி (திரையரங்கில் ஓட்டும் டிஜிட்டல் பிரதி): 23
எதிர்பாராச் செலவு: 9
நடிகர்கள், டெக்னீஷியன்கள் சம்பளம்: 20
கேமரா, லைட், சவுண்ட் கருவி வாடகை: 12
லொகேஷன், ஆர்ட், உடை, மேக்கப்: 9
சாப்பாடு, பயணம், தங்கல்: 9
முன்தயாரிப்பு, ஒத்திகை, லொகேஷன் பார்த்தல்: 5
ஹார்ட் டிஸ்க், இன்சூரன்ஸ்: 3

முதல் மூன்று வரிகள் சேர்ந்து 42. இவற்றை வேறு வங்கிக் கணக்கில் போட்டுவிடுவது நல்லது. ஷூட்டிங் கணக்குப் பார்ப்பவர் கையில் அந்த அட்டை இருக்கவே கூடாது. 9 பங்கு எதிர்பாராச் செலவு என்பது மற்ற எல்லாவற்றின் கூட்டுத்தொகையில் ஏறக்குறைய பத்து சதவீதம். ‘நமக்கு எதுவும் தப்பாகாது’ என்று முதலில் வெட்டப்படுவது இதுதான். இதை வெட்டினால் தப்பு நடக்கும்போது சவுண்ட் பணத்தில் கை வைக்க நேரும்.

சவுண்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். படம் சற்று மங்கலாக இருந்தால் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். வசனம் புரியாவிட்டால் பொறுக்க மாட்டார். 12 நிமிடப் படத்துக்கு வசன எடிட்டிங் இரண்டு நாள், சூழல் ஒலிகளும் எஃபெக்ட்ஸும் இரண்டு நாள், ஃபோலி (காலடி போன்ற ஒலிகளைப் படத்துக்கேற்ப உருவாக்கிப் பதிவது) ஒரு நாள், மிக்ஸிங் இரண்டு நாள் என்று ஒதுக்குங்கள். ஷூட்டிங்கில் ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தால் அந்த இரைச்சலைக் களைவதற்கே மேலும் ஒரு நாள் போகும். ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுக் கார் சாவியை அதற்குள் வையுங்கள். கிளம்பும்போது சாவியைத் தேடி ஃப்ரிட்ஜைத் திறப்பீர்கள், திரும்பப் போட மறக்க மாட்டீர்கள். ஒவ்வொரு லொகேஷனிலும் எல்லாரையும் நிறுத்திவைத்து ஒரு நிமிடம் வெறும் அறையின் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். அந்த ஒரு நிமிடம் பின்னால் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

டேட்டாவும் கணக்குக்குள் வர வேண்டும். அல்ட்ரா ஹெச்டி அளவில், வினாடிக்கு 24 ஃபிரேமில், ப்ரோரெஸ் 422 ஹெச்க்யூ என்ற வீடியோ கோப்பு வடிவம் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 318 ஜிபி பிடிக்கும். 12 நிமிடப் படத்துக்குப் பத்து மடங்கு ஷூட் செய்தால் 2 மணி நேரம், அதாவது 636 ஜிபி. ஒன்று எடிட்டரிடம், ஒன்று தயாரிப்பாளரிடம், ஒன்று வேறொரு வீட்டில் என மூன்று பிரதிகளுக்கு 1 டிபி டிஸ்க் மூன்று வேண்டும். இருபது மடங்கு ஷூட் செய்தால் மூன்றும் 2 டிபி ஆக வேண்டும். எடிட்டர் உட்கார்ந்து பார்க்க வேண்டிய நேரமும் இரட்டிப்பாகும். மூன்று பிரதிகளையும் திறந்து பார்த்துச் சரிபார்க்கும் வரை கேமரா கார்டை அழிக்க விடாதீர்கள்.

ரொக்கமும் உழைப்பும்

எல்லாரும் முழுச் சம்பளம் வாங்கி வேலை செய்யும் குறும்படம் அரிது. அதற்காக, இலவசமாக வருவதைப் பட்ஜெட்டில் பூஜ்யம் என்று எழுதாதீர்கள். ஒவ்வொரு வரிக்கும் இரண்டு பத்தி வையுங்கள்: சந்தையில் அதன் உண்மை மதிப்பு ஒன்று, கையிலிருந்து கொடுக்கும் ரொக்கம் இன்னொன்று. வித்தியாசம் ‘உழைப்பாக அல்லது பொருளாக வந்த பங்களிப்பு’ என்று வரவுப் பக்கத்திலும் ஏற வேண்டும். நிதி கொடுக்கும் அமைப்புகள் இந்தப் பட்ஜெட்டைத்தான் நம்பும். உங்களுக்கும் ஒரு பயன் உண்டு: நண்பர் கடைசி நிமிடத்தில் வர முடியாது என்றால், அந்த இடத்துக்கு ஒருவரை அமர்த்த எவ்வளவு ரொக்கம் வேண்டும் என்பது அங்கேயே எழுதியிருக்கும்.

‘படம் சம்பாதித்தால் தருகிறேன்’ என்ற ஏற்பாடு கடன்தான். அதற்குத் தொகை, யாருக்கு முதலில், எந்த வரவிலிருந்து, எந்தத் தேதி வரை என்று ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள். பத்துப் பேருக்கு ஆளுக்கு ஐந்து சதவீதம், தயாரிப்பாளருக்கு அறுபது என்று வாய்வார்த்தையாகச் சொல்லிக் கூட்டினால் 110 சதவீதம் வந்து நிற்கும். குறும்படத்துக்கு வரவே வராத பணத்தை வாக்குறுதியாகக் கொடுப்பதைவிட, சிறிய தொகையாக இருந்தாலும் ஷூட்டிங் கடைசி நாள் மாலையில் கையில் கொடுப்பது மரியாதை. சம்பளம் தர முடியாத யூனிட்டுக்கு நேரத்துக்குச் சூடான சாப்பாடு, இரவு முடிந்தால் வீடு போய்ச்சேர வண்டி, அடுத்த நாளுக்கு முன் 11, 12 மணி நேர ஓய்வு, இந்த மூன்றிலும் கை வைக்கவே கூடாது. தூக்கமில்லாமல் வண்டி ஓட்டிக்கொண்டு போகும் லைட்மேனின் உயிர் எந்தப் படத்தையும்விடப் பெரியது.

பணம் எங்கிருந்து

சொந்தப் பணத்துக்கும் குடும்பத்தார் பணத்துக்கும் முதலில் ஒரு உச்சவரம்பு. மொத்தமும் போனாலும் வாடகையும் வைத்தியமும் நிற்காத தொகையாக அது இருக்கட்டும். வாங்குவது அன்பளிப்பா, கடனா, பங்கா என்று எழுதிக்கொள்ளுங்கள். யாரிடமும் ‘முதலீடு, லாபம்’ என்று சொல்லி வாங்காதீர்கள். குறும்படம் போட்ட பணத்தை எடுப்பது விதிவிலக்கு.

இணையத்தில் பலரிடம் சிறு தொகைகளாகத் திரட்டும் கிரவுட் ஃபண்டிங்கில் பலர் சறுக்குவது கழித்தல் கணக்கில்தான். 2009-இல் தொடங்கிய கிக்ஸ்டார்டர் தளம் இலக்கு முழுதும் எட்டினால்தான் பணம் தரும். எட்டினால் 5 சதவீதம் எடுத்துக்கொள்ளும். பணப் பரிமாற்றக் கட்டணம் அது தவிர. சீட் அண்ட் ஸ்பார்க் தளத்தில் இலக்கில் 80 சதவீதம் எட்டினால் போதும். தளக் கட்டணம் 5, பரிமாற்றம் 4, பரிசுகளும் அனுப்பும் செலவும் 9, கடைசியில் வசூலாகாமல் போகும் வாக்குறுதிகள் 2 என்று 20 சதவீதம் கழித்துக்கொள்ளுங்கள். நிகரமாக 25 பங்கு வேண்டும் என்றால் 25-ஐ 0.8-ஆல் வகுங்கள், ஏறக்குறைய 31 பங்கை இலக்காக வைக்க வேண்டும். டி-ஷர்ட், கோப்பை போன்ற பரிசுகள் வேண்டாம். தபால் செலவு விழுங்கிவிடும். படத்தின் இணைப்பு, நன்றிப் பட்டியலில் பெயர், ஸ்கிரிப்ட் பிரதி, ஒரு மணி நேர இணையச் சந்திப்பு ஆகியவை செலவில்லாமல் கொடுக்கக்கூடியவை. முன்பின் தெரியாத ஆட்கள் முதல் நாளில் வர மாட்டார்கள். இலக்கில் 30 சதவீதத்துக்கு யார் யார், எவ்வளவு என்று பெயர்ப் பட்டியல் கையில் இல்லாமல் பிரச்சாரத்தைத் திறக்காதீர்கள்.

நிதியுதவி அமைப்புகளில் பிரான்சின் தேசியத் திரைப்பட மையமான சிஎன்சி, பிரிட்டனின் திரைப்பட நிறுவனமான பிஎஃப்ஐ நடத்தும் பிஎஃப்ஐ நெட்வொர்க் போன்றவை குறும்படத்துக்கென்றே பணம் ஒதுக்குகின்றன. உங்களுக்குத் தகுதியுள்ள அமைப்புகளைத் தேடி, கெடு தேதிகளை ஒரு வருட நாள்காட்டியில் குறியுங்கள். முடிவு வர மாதக்கணக்கில் ஆகும். எடுத்து முடித்த படத்துக்கும், விண்ணப்பத்துக்கு முன் செய்த செலவுக்கும் பல அமைப்புகள் தருவதில்லை; அவசரப்பட்டு ஒரு நாள் ஷூட்டிங் முடித்துவிட்டு விண்ணப்பித்தால் தகுதியே போய்விடலாம். ஸ்கிரிப்ட், சுருக்கம், இயக்குநர் குறிப்பு, பட்ஜெட், நிதித் திட்டம், ஷெட்யூல், கதை உரிமைப் பத்திரம் எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். ஸ்கிரிப்டில் இரவு மழை, ஷெட்யூலில் எல்லாம் பகல், பட்ஜெட்டில் தண்ணீர் லாரி இல்லை என்றால் அனுபவமுள்ளவர் இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். ‘இதர செலவுகள்’ என்று பெரிய தொகை ஒரே வரியில் இருந்தாலும் சந்தேகம் வரும்.

ஸ்பான்சர் கொடுக்கும் பணத்தைவிடப் பொருளும் இடமும் எளிதில் கிடைக்கும். பதிலுக்கு எத்தனை வினாடி, எந்த ஷாட், டைட்டிலில் எங்கே என்று எழுதிக்கொள்ளுங்கள். விளம்பரம் துருத்திக்கொண்டிருந்தால் விழாத் தேர்வாளர்கள் ஒதுக்கிவிடுவார்கள். போஸ்ட் புரொடக்‌ஷன் ஸ்டூடியோ வேலையில்லாத நேரத்தில் செய்து தருவதாகச் சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம்; ஆனால் முடிக்கும் தேதியை எழுதி வாங்குங்கள். பணம் கொடுக்கும் படம் வந்தால் உங்கள் படம் வரிசையின் கடைசிக்குப் போகும், அது இயல்பு.

பணம் வரும் தேதி

மொத்தம் சரியாக இருந்தும் நடுவில் கை வறண்டுபோகலாம். மேலே சொன்ன நூறு பங்கை இப்படித் திரட்டியதாக வைப்போம்: நிதியுதவி 60, கிரவுட் ஃபண்டிங் 25, சொந்தம் 15. அமைப்பு தன் 60-ஐ மூன்று தவணையாகத் தருகிறது: ஒப்பந்தத்தில் 24, ரஃப் கட் (முதல் கட்ட எடிட்) பார்த்தபின் 24, முடிந்த படமும் கணக்கும் ஒப்படைத்தபின் 12. ஷூட்டிங் முடியும் வரை கையில் வருவது 24, 25, 15 சேர்ந்து 64. முன்தயாரிப்பும் ஷூட்டிங்கும் 58. மிச்சம் 6. அதை வைத்துக்கொண்டு ரஃப் கட் வரை போக வேண்டும். எடிட்டருக்கு அட்வான்ஸ் கொடுத்தால் தீர்ந்தது. ரஃப் கட் ஒரு மாதம் தள்ளினால் 24-ம் ஒரு மாதம் தள்ளும். அதற்குப் பின் கையில் மொத்தம் 88 வந்திருக்கும், செலவு 100. கடைசி 12 வருவதற்கு முன்பே விழாக் கட்டணங்களின் கெடு வந்து நிற்கும்.

ஆகவே வாரவாரியாக ஒரு தாளில் வரவு, செலவு, இருப்பு என்று எழுதி, எந்த வாரத்தில் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகிறது என்று ஷூட்டிங்குக்கு முன்பே பாருங்கள். அந்த 12-ஐ யாரிடமாவது குறுகிய காலக் கடனாகப் பேசிவைக்கலாம். இரண்டாம் தவணையை ஷூட்டிங் தொடக்கத்திலேயே கேட்கலாம். கையெழுத்துக்கு முன் கேட்டால் சில நேரம் கிடைக்கும், பின்னால் கேட்டால் கிடைக்காது.

ஷூட்டிங் நாட்களில் ஒவ்வொரு இரவும் வவுச்சர்களைச் சேர்த்துவிடுங்கள். கணக்குத் தாளில் ‘பட்ஜெட்’, ‘கொடுத்தது’ என்ற இரண்டு பத்தி போதாது. ‘ஒப்புக்கொண்டு இன்னும் கொடுக்காதது’ என்று மூன்றாவது வேண்டும். அது இல்லாததால்தான் கையில் பணம் இருப்பதாகத் தோன்றி, கூடுதலாக ஒரு லைட் எடுக்கிறார்கள். வாரக் கடைசியில் ஜெனரேட்டர் பில் வரும்.

இசை உரிமை

ஏற்கெனவே வெளிவந்த பாட்டு ஒன்றைப் படத்தில் வைக்க இரண்டு அனுமதி வேண்டும்: இசையையும் வரிகளையும் படத்தோடு சேர்க்கும் உரிமை ஒன்று, அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவைப் பயன்படுத்தும் உரிமை இன்னொன்று. இரண்டுக்கும் உரிமையாளர்கள் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். மலிவாகக் கிடைக்கும் ‘விழாக்களுக்கு மட்டும்’ உரிமையை வாங்கிவிட்டு, பிறகு ஒரு தொலைக்காட்சி படத்தைக் கேட்கும்போது முழு உரிமைக்கு விலை பல மடங்காக நிற்பது அடிக்கடி நடப்பது. முதல் ஒப்பந்தத்திலேயே பிற்பாடு முழு உரிமைக்கு என்ன விலை என்று எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் இசையமைப்பாளரிடம் புதிதாகப் போட்டு வாங்குங்கள், அவரிடமும் எழுத்தில். அனுமதியில்லாத பாட்டு யூடியூபில் ஏறினால் அதன் தானியங்கிக் கண்காணிப்பு முறையான கன்டென்ட் ஐடி அதைக் கண்டுபிடித்து, படத்தின் விளம்பர வருமானத்தைப் பாட்டின் உரிமையாளருக்குத் திருப்பிவிடலாம்.

விழாவும் வரவும்

நீளமே ஒரு பொருளாதார முடிவு. டைட்டில்கள் உட்பட கான் குறும்படப் போட்டிக்கு 15 நிமிடம், வெனிஸுக்கு 20, பெர்லினுக்கு 30, ஆஸ்கருக்கு 40 நிமிடம் உச்சவரம்பு. 16 நிமிடம் ஓடும் படம் ஒரு நிமிடத்துக்காகக் கானின் வாசலை இழக்கிறது. தேர்வாளர்களும் ஒரு திரையிடலுக்குள் பல படங்களை அடுக்க வேண்டியிருப்பதால், 28 நிமிடப் படம் இரண்டு, மூன்று படங்களின் இடத்தைக் கேட்கிறது.

விழாக்களுக்குப் படம் அனுப்ப உதவும் ஃபிலிம்ஃப்ரீவே போன்ற தளங்களில் கெடு நெருங்க நெருங்கக் கட்டணம் ஏறும். முதல் கெடுவுக்குள் அனுப்புங்கள், ஆனால் முடியாத மிக்ஸிங்கோடு அனுப்பாதீர்கள். மூன்று அடுக்காகப் பட்டியல் போடுங்கள்: முதல் திரையிடலைக் கேட்கும் பெரிய விழாக்கள், படத்தின் வகைக்கென்றே உள்ள விழாக்கள், அருகிலுள்ள சிறிய விழாக்கள். முதல் அடுக்கின் பதில் வரும் வரை படத்தை இணையத்தில் பொதுவில் ஏற்றாதீர்கள். ஆஸ்கரும் தகுதி பெறுவதற்கு முன்னால் திரையரங்குக்கு வெளியே பொதுவில் காட்டிய படத்தை ஏற்பதில்லை. எந்நேரமும் விருது கொடுத்துக்கொண்டு, கட்டணம் மட்டும் வாங்கி, நிஜத்தில் திரையிடாத விழாக்களும் இருக்கின்றன. கடந்த ஆண்டு எங்கே, எந்த அரங்கில் திரையிட்டார்கள் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்தக் கட்டணத்தைச் சப்டைட்டிலுக்குப் போடுங்கள்.

வரவு என்று பார்த்தால், ஐரோப்பாவில் ஆர்ட்டே, கனால் பிளஸ் போன்ற சேனல்கள் குறும்படங்களை வாங்குகின்றன. பிரான்சின் கிளேர்மோன்-ஃபெரான் விழாவோடு குறும்படத்துக்கென்றே ஒரு சந்தை நடக்கிறது. வாங்குபவர் கேட்பது சுத்தமான கோப்புகள்: டைட்டில் இல்லாத பிரதி, வசனம் தனியாகவும் இசையும் எஃபெக்ட்ஸும் தனியாகவும் பிரித்த ஒலித் தடங்கள், வசனப் பட்டியல், இசை விவரத் தாள், எல்லா ஒப்பந்தங்களும். மிக்ஸிங் நாளிலேயே ஒலித் தடங்களைப் பிரித்து வாங்கிவிடுங்கள். ஒரு வருடம் கழித்துக் கேட்டால் புதிய பில் வரும். யூடியூபில் நீண்ட வீடியோக்களின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் சேனலுக்கு வரும், ஆனால் அதற்கு முன் 1,000 சந்தாதாரர்களும் கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஒரே ஒரு படம் இருக்கும் சேனல் அதை எட்டுவது கடினம். அந்த வகைப் படங்களைத் தொடர்ந்து வெளியிடும் சேனலோடு காலவரம்புள்ள, தனியுரிமை இல்லாத ஒப்பந்தம் போடுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

வந்த பணத்தைப் பிரிக்கும் வரிசையும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்: முதலில் விற்பனை முகவரின் பங்கு, பிறகு பிரதி, வரி போன்ற நேர்ச் செலவுகள், பிறகு கடன், பிறகு தள்ளிவைத்த சம்பளம், பிறகு பங்கு போட்டவர்கள். சிறுசிறு தொகையாக வருவதைப் பதினெட்டுப் பேருக்கு மாதம்தோறும் பிரித்து அனுப்பினால் வங்கிக் கட்டணமே தின்றுவிடும். ஆண்டுக்கு ஒருமுறை, குறிப்பிட்ட தொகைக்கு மேல் சேர்ந்தால் மட்டும், கணக்குத் தாளோடு அனுப்புவது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.